படைத்த கறியும் பவுலின் கடிதமும்

எல்லப்பன் கிறிஸ்தவனானதற்குக் காரணம் ரோசி. வேறு எந்த ஒளியையும் அவன் பார்க்கவில்லை. சாந்தோம் குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்குக் கருவாடு விற்க வந்தவளைப் பார்த்தான், அவ்வளவுதான். ஞானஸ்நானம் வாங்காதவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். இவன் போய்த் தலையைக் குனிந்து நின்றான். அவன் இருந்த கோட்டைக்குப்பத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரிலேயே கிடக்கிறவன் தலையில் இன்னொரு சொம்பு விழுந்தால் என்ன என்று அவன் அண்ணன் தேசப்பனே சொன்னான்.

ஐந்து வருடம் அப்படியே போயிற்று. ஆறாவது வருடம் போகவில்லை.

தேசப்பன் பெரிய வலைப் படகின் தண்டல். படகை நடத்துகிறவன், ஆளை வைக்கிறவன், நிறுத்துகிறவன் எல்லாம் அவன்தான். தை பிறந்து கடல் அடங்கியதும் முதல் வலை போடும் வெள்ளிக்கிழமை காலையில் கங்கையம்மனுக்கு ஆடு வெட்டுவார்கள். கறியை ஒரே பானையில் ஆக்கி, படகில் போகிற ஒன்பது பேரும் மணலில் வரிசையாக உட்கார்ந்து தின்ன வேண்டும். தண்டல் தன் கையால் பங்கு வைப்பான். ஒவ்வொருவனிடமும், "அம்மா பங்கு. தின்னு, கை குடு" என்பான். தின்றவன், பக்கத்திலிருப்பவன் தண்ணீரில் விழுந்தால் குதிப்பேன் என்று ஒத்துக்கொண்டவன். தின்னாதவன் அந்த வருடம் படகில் ஏறக் கூடாது. அந்தத் தொழிலில் வேறு பத்திரமும் சாட்சியும் இல்லை.

ரோசிக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பொங்கல் கழித்து சாந்தோம் சாமியார் வந்து மாதா கோயிலில் தங்கியிருந்தார். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், வேறு சபை. அவர்களுக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு முறை அவர் வந்து போவதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். சாமியார் எல்லப்பனை முழங்காலில் நிற்கவைத்து, குழந்தையை அவன் கையில் கொடுத்து, "நீ வருடாவருடம் படைத்த கறி தின்கிறாயாமே" என்று கேட்டார். ஆமாம் என்றான். இனிமேல் இல்லை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம், சொல்லாவிட்டால் இல்லை என்றார். எல்லப்பன் குழந்தையைப் பார்த்தான். தின்னமாட்டேன் என்றான்.

வந்து சொன்னபோது தேசப்பன் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தான்.

"அப்போ படகு?"

"நீதான் சொல்லணும்ணா."

"நான் இன்னாடா சொல்றது? தின்னாதவன் ஏற முடியாது. நான் வச்ச சட்டமா அது? நைனா காலத்துக்கு முன்ன இருந்து இருக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒத்துகினியா?"

"கொழந்தைய என் கையில குடுத்துட்டு கேட்டாருணா."

தேசப்பன் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். "கில்லாடி சாமியாரு" என்றான்.

பாசம் என்று யாராவது சொன்னால் தேசப்பன் முறைப்பான். இது தொழில் என்பான். பின்னால் நின்று படகைத் திருப்புகிறவன் நினைப்பதை, அவனுக்குப் பக்கத்துத் துடுப்பு சொல்லாமலே செய்ய வேண்டும். அலை உடையும் இடத்தில் வாயைத் திறந்து சொல்ல நேரம் கிடையாது. பதினோரு வருடமாக எல்லப்பன் அந்தத் துடுப்பில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்தபோது அண்ணனைக் குடுமியைப் பிடித்துக் கரைவரை இழுத்து வந்ததும் அவன்தான். ஒரு மாதம் தேசப்பனுக்கு மண்டை வலித்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் பிறகு பேசவே இல்லை.

இரண்டு நாள் தேசப்பன் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து அவன் பெண்சாதி குப்பம்மா சொன்னாள்: "இன்னாய்யா மூஞ்ச தூக்கி வச்சிகினு குந்திகினு கீற. ரோசி சொல்றா, எல்லாம் யாரோ பவுலுன்னு ஒருத்தரு எழுதுன கடுதாசில கீதாம். கடுதாசின்னா படிக்கிறவன் படிக்கிறதுதான? மீரான் மரக்காயரு கப்பல் கடுதாசிய ஒல்லாந்தன் ஒரு மாதிரி படிச்சான், அவரு ஒரு மாதிரி படிச்சாரு. நீயும் போயி வேற ஆள வச்சி படி."

தேசப்பன் எழுந்து துண்டை உதறினான். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

முதலில் சாமியாரிடமே போனான். அவர் கோயில் பின்புறம் வேப்ப நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கோபிப்பார் என்று நினைத்துப் போனவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது கொரிந்து ஊருக்கு. அது ஒரு துறைமுகம்" என்றார் சாமியார். அவர் தமிழ் புத்தகத்தில் படித்த தமிழ். "இந்த ஊரைப் போலத்தான். கப்பல்காரர், வணிகர், ஊரெல்லாம் கோயில். அங்கே கிறிஸ்தவர்களாகச் சேர்ந்தவர்களுக்கும் உன் தம்பிக்கு வந்த சங்கடமே வந்தது. படைத்த கறியைத் தின்னலாமா என்று பவுலிடம் எழுதிக் கேட்டார்கள். அவர் பதில் எழுதினார். ஆண்டவருடைய மேசையிலும் மற்றதன் மேசையிலும் ஒருவனே உட்கார முடியாது என்றார்."

"எங்களுக்கு மேசையே இல்ல சாமி. மணல்லதான் குந்துறோம்."

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். "புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன் பலவீனமானவன். பழைய இடத்தில் உட்கார்ந்தால் பழைய பயம் திரும்பி வரும். பலவீனமானவனைக் காப்பாற்று என்றுதான் கடிதம் சொல்கிறது. நான் உன் தம்பியைத் தண்டிக்கவில்லை, காப்பாற்றுகிறேன்."

"எல்லப்பனா பலவீனம்?" என்றான் தேசப்பன். "சாமி, அவன் என்னிய ஒரு கையால கரைக்கு இழுத்தவன்."

சாமியார் கலயத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். அவன் போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை நீயும் வா. குழந்தைக்குப் பெரியப்பன் நீதானே" என்றார்.

அடுத்த நாள் கோட்டை வாசலுக்குப் போனான். ஒல்லாந்துப் பாதிரியிடம் உபதேசியாராக இருந்த தருமலிங்கம் அங்கே ஒரு சிறிய அறையில் இருப்பார். தரங்கம்பாடியில் அச்சடித்த தமிழ் வேதபுத்தகம் அந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. துணியில் சுற்றி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒருவரும் அவரிடம் எதையும் கேட்டு வருவதில்லை.

"பவுல் முதலிலேயே சொல்லிவிடுகிறார்" என்று விரலால் வரியைத் தொட்டார். "விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை."

"எங்க அம்மா ஒன்னும் இல்லியா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"எழுதுனவரு கடலுக்குப் போயிருக்காரா?"

தருமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "மூன்று முறை கப்பல் உடைந்திருக்கிறது. ஒரு ராத்திரி பகல் முழுக்கக் கடலில் கிடந்திருக்கிறார். அதையும் அவரே எழுதியிருக்கிறார்."

தேசப்பன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சரி. மேல படி."

தருமலிங்கம் படித்து, தன் பாதிரி சொல்லும் விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். கறி வெறும் கறிதான். கடையில் விற்கிற எதையும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கித் தின்னலாம். விசுவாசம் இல்லாதவன் விருந்துக்குக் கூப்பிட்டால் போகலாம். எதை வைத்தாலும், இது என்ன என்று கேட்காமல் தின்னலாம். ஆனால் ஒருவன் 'இது படைத்தது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு தின்னக் கூடாது. சொன்னவனுடைய மனதுக்காகத் தின்னாமல் விட வேண்டும்.

தேசப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "சொல்லாட்டி?"

"என்ன சொல்லாட்டி?"

"படைச்சதுன்னு வைக்கிறவன் சொல்லவே இல்ல. அப்போ?"

"அப்போ கேட்காமல் தின்னலாம். ஆனால் அது ஒருவன் வீட்டு விருந்துக்கு. கோயில் முன்னால் உட்கார்ந்து தின்பது வேறு, அதைப் பற்றி எங்கள் பாதிரியார் என்ன சொல்கிறார் என்றால்..."

தேசப்பனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி அவன் காதில் ஏறவில்லை. எழுந்தவன் வாசலில் நின்று ஒன்று மட்டும் கேட்டான். "அதுல பலவீனமானவன்னு ஒருத்தன் வர்றானாமே, அவன் யாரு?"

"சிலையைப் பார்த்தால் இன்னும் பயப்படுகிறவன். நம்ம சாந்தோம் சாமியாரும் அவர் ஆட்களும்தான், வேறு யார்" என்று சொல்லி தருமலிங்கம் புத்தகத்தைத் துணியில் சுற்றினார்.

மூன்றாவது ஆளைத் தேசப்பன் தேடிப் போகவில்லை. புதன்கிழமை ஆர்மீனிய வணிகர் ஒருவரின் துணிப் பொதிகளைக் கப்பலுக்கு ஏற்றிவிட அவரது கிடங்குக்குப் போயிருந்தான். அந்த மனிதர் இருபது வருடமாகப் பழவேற்காட்டில் இருக்கிறார். அவரும் கிறிஸ்தவர், ஆனால் சாமியார் கோயிலுக்கும் போகமாட்டார், கோட்டைக்குள் இருக்கும் ஒல்லாந்தர் கோயிலுக்கும் போகமாட்டார். தேசப்பன் பொதியை இறக்கி வைத்துவிட்டு, மனம் கேளாமல், ஆட்டைப் பற்றிச் சொன்னான்.

"ஆடா? நாங்களும் வெட்டுவோம்" என்றார் அவர்.

தேசப்பன் அவரையே பார்த்தான்.

"எங்கள் ஊரில் நோய் தீர்ந்தால், பிள்ளை திரும்பி வந்தால், ஒரு கடா. குருவானவர் உப்பை மந்திரித்துக் கொடுப்பார். அதை ஆட்டுக்கு ஊட்டிவிட்டு வெட்டுவோம். உப்பு மட்டும் போட்டு வேகவைத்து ஏழைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றச் சபைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தின்றவன் பசி தீர்ந்தது, கடவுள் பார்த்தார்."

"அப்போ அந்தக் கடுதாசிய நீங்க எப்படி படிக்கிறீங்க?"

"நான் குரு இல்லை, துணி விற்கிறவன்." அவர் தாடியைத் தடவினார். "எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது இதுதான். ஒன்றாக உட்கார்ந்து தின்னும்போது ஒருத்தனை ஒருத்தன் காயப்படுத்திய ஆட்களுக்கு எழுதிய கடிதம் அது. நான் தின்பது என் சகோதரனை விழ வைத்தால், சாகும்வரை கறியே தொடமாட்டேன் என்று பவுல் எழுதுகிறார். கடிதம் முழுக்க அந்த ஒரு வரிதான்."

"அதுல பலவீனமானவன் யாரு? சாமியார் என் தம்பின்றாரு. உபதேசியார் சாமியாருன்றாரு."

ஆர்மீனியர் சிரித்தார். "பந்தியில் யாருக்குத் தொண்டையில் இறங்கவில்லையோ அவன்" என்றார்.

தேசப்பன் பொதியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தனக்கு எல்லாம் நன்றாகத்தான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாலை எல்லப்பனிடம் சொன்னான். "காலைல வந்து பந்தில குந்து."

"குந்திதானணா ஆவணும். தின்னமாட்டேன்றதயும் பந்தில குந்திதான சொல்லணும்."

"நீ ஒன்னும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆடு வெட்டினார்கள். படகின் மூக்கில் ரத்தம் தடவினார்கள். கறி வெந்தது. மற்ற எட்டுப் பேரும் மணலில் பூவரச இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தண்டலின் இலை எல்லப்பனுக்குப் பக்கத்தில் இருந்தது. தேசப்பன் பானையையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு வரிசையின் தலைப்பக்கம் வந்தான். வயதில் மூத்தவன் முனியன். இவனுக்குச் சித்தப்பா முறை. அவன் இலையில் கறியை வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவனுக்குப் போனான்.

முனியன் கறியைத் தொடவில்லை. "தண்டலு, வாய மறந்துட்டு வந்துட்டியா?"

"தின்னு சித்தப்பா."

"சொல்லு, தின்றேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. வருசா வருசம் அதயே சொல்லிகினு இருக்கணுமா இன்னா?"

"ஒவ்வொரு வருசமும்தான் கடலுக்குப் போறோம்."

தேசப்பன் வரிசையில் நகர்ந்தான். மூன்று, நான்கு, ஐந்து. யாரும் தின்னவில்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள். அவன் தண்டலாகிப் பதினோரு வருடம். அதற்கு முன் அவன் நைனா சொல்லி இவன் தின்றது அதற்கும் மேலே. சொல்லாமல் ஒரு முறைகூடப் படகு இறங்கியதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லாமல் விட்டதில்லை. கடல் முன்னாலேயே இருந்தது. ஏழாவது ஆளிடம் வந்தபோது அகப்பை பானையின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. கை ஆடுகிறது என்பதை அவன் அந்தச் சத்தத்தில்தான் கவனித்தான்.

கடைசியில் எல்லப்பன். வரிசையில் இளையவன். கறியை வைத்துவிட்டுத் தேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தின்றுவிடுடா என்று மனதுக்குள் சொன்னான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நீ ஒன்றும் கேட்கவில்லை, தின்றுவிட்டு ஏறு.

எல்லப்பன் தின்னவில்லை. அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுணா" என்றான்.

"தின்னுடா."

"நீ உபதேசியார் கிட்ட போனத ரோசி சொன்னா. சொல்லாட்டி தின்னலாம்னு அவரு சொன்னதும் எனக்குத் தெரியும். நீ சொல்லு."

தேசப்பன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினான். "சொன்னா நீ தின்ன மாட்ட."

"மாட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொல்லச் சொல்ற?"

"சொல்லாம கடல்ல எறங்கினா உன் கை நிக்காது. இப்பவே ஆடுது. அலை ஒடையிற எடத்துல இன்னா பண்ணுவ?"

"நீ பக்கத்துல இருப்ப இல்ல."

"நான் இருந்து இன்னாணா. உனக்கு எறங்காதே."

ஆர்மீனியர் சொன்னது தேசப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. பலவீனமானவன் யார் என்று மூன்று பேரிடம் கேட்டாயிற்று. அந்த ஆள் பானையைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறான். ஒரு கணம் தம்பி மேல் கெட்ட கோபம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பி வரிசையின் தலைப்பக்கம் நடந்தான். முனியன் முன்னால் நின்று, "அம்மா பங்கு. தின்னு, கை குடு" என்றான். முனியன் தின்றான். அடுத்தவன் தின்றான். ஒவ்வொருவனாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எல்லப்பனிடம் வந்தான். அவனிடமும், ஒரு வார்த்தை குறைக்காமல், சத்தமாகச் சொன்னான்.

"கை குடுக்கறேன்" என்றான் எல்லப்பன். "தின்ன மாட்டேன்."

இலையை இரண்டு கையாலும் தூக்கி, கறியை அண்ணனுடைய இலையில் சாய்த்தான்.

"அது எப்படி?" என்றான் முனியன். "தின்னாம கை குடுக்கற வழக்கம் இல்லியே."

"படகுல ஏற மாட்டேன் சித்தப்பா. நீங்க இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க" என்றான் எல்லப்பன்.

தேசப்பன் உட்கார்ந்தான். தன் பங்கைத் தின்றான். பிறகு தம்பியின் பங்கையும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றான். அதற்கும் வழக்கம் கிடையாது. ஆனால் தண்டல் தின்பதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குக் காரம் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

படகைத் தள்ளும்போது எல்லப்பனும் வந்து தோள் கொடுத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டான். பெரிய வலைக்கு இரண்டு கயிறு. ஒன்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு வலையை இறக்கிக்கொண்டே வளைந்து போய், மறு கயிற்றோடு தள்ளி வந்து கரையேறும். அதுவரை கரை நுனியை ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடலுக்குப் போக முடியாத கிழவன் யாராவது நிற்பான். பிறகு பெண்களும், வழியில் போகிறவர்களும்கூட வந்து இழுத்துவிட்டு ஆளுக்கு ஒரு கை மீன் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பந்தியும் இல்லை, சத்தியமும் இல்லை. யாரும் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

தேசப்பன் கயிற்று நுனியை எடுத்துத் தம்பியிடம் வீசினான். எல்லப்பன் பிடித்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். முனியன் பார்த்தான். கரைக் கயிற்றைப் பற்றி வழக்கத்தில் ஒன்றும் இல்லை. திரும்பித் துடுப்பைப் போட்டான்.

எட்டுப் பேர் போனார்கள். பக்கத்துத் துடுப்புக்கு வந்தவன் அலை உடையும் இடத்தில் தாமதமாகத் திருப்பினான். பாதிப் படகுக்குத் தண்ணீர் ஏறியது. எல்லோரும் அவனைத் திட்டினார்கள். தேசப்பன் கை ஆடவில்லை. திருப்பி எடுத்தான். வலை இறங்க இறங்கக் கயிறு அவிழ்ந்து ஓடியது. ஓடி முடிந்து விறைத்தபோது மறுபக்கம் ஒருவன் காலை மணலில் ஊன்றி நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

மீன் சுமாராகத்தான் கிடைத்தது. நண்பகலில் எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் வலையை உலர்த்தப் பரப்பினார்கள். எல்லப்பனின் இடுப்பில் கயிறு அறுத்த கோடு சிவந்திருந்தது. ரோசி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டு வந்தாள்.

"சாமியார் கிட்ட சொல்லிட்டேன் மாமா. சந்தோசப்பட்டாரு" என்றாள் தேசப்பனிடம்.

"அவருக்காக இல்ல" என்றான் எல்லப்பன்.

"யாருக்காவ இருந்தா இன்னா. ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறாரு. மாமா, நீங்களும் அக்காவும் வரணும்."

"கதவாண்ட நிக்கறேன்" என்றான் தேசப்பன். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. மீன் நாற்றம் அடிக்கும் விரல். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

ரோசி போனதும் எல்லப்பன் வலையின் ஓரத்தைக் கல் வைத்து இறுக்கினான். "பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்கணா. கெழவன் வேல உனக்கு எதுக்குடான்னு."

"நாளைக்கும் கரைலதானா?"

"நாளைக்கும்தான்."

"வர்ற வருசம்?"

"வர்ற வருசமும்தான்."

தேசப்பன் கலயத்தில் இருந்த கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினான்.

"அப்போ கயிற ஒழுங்கா புடி. இன்னிக்கு ரெண்டு வாட்டி தளத்திட்ட."